தோற்றோம், விட்டேன்

நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் வாசிக்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இடம்பெறாமற்போன ஒரு பகுதியைப் பற்றியது. இதில் வரும் நண்பர் முழுவதையும் படித்து இசைவு தந்த பின்னரே இங்கே இடுகிறேன். அவர் சொன்ன திருத்தம் ஒன்றையும் இறுதியில் சேர்த்திருக்கிறேன்.

என் ஆய்வுப் பொருளைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். விளையாட்டு ரசிகர்களின் பேச்சில் தன்மைப் பன்மை எவ்வாறு வருகிறது என்பதே அது. பந்தைக் கையால் தொட்டறியாத ஒருவர், நாற்காலியில் சாய்ந்தபடி 'நேற்று ஜெயித்துவிட்டோம்' என்கிறார். அந்த 'ஓம்' விகுதிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? கேள்வி புதியதன்று. 1976-இல் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தம் கால்பந்து அணி சனிக்கிழமை வென்றிருந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடையில் வருவோர் கூடினர். தொலைபேசியில் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வெற்றியைச் சொன்னவர்கள் 'நாங்கள்' என்றார்கள். தோல்வியைச் சொன்னவர்களிடம் அச்சொல் குறைந்தது. இதில் பலரும் மேற்கோள் காட்டாமல் விடும் நுணுக்கம் ஒன்று உண்டு. தொலைபேசியில் முதலில் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். அதில் தேறவில்லை என்று சொல்லப்பட்டவர்களிடமே இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. மனம் அடிபட்டவருக்கே பிறரின் வெற்றி அதிகமாகத் தேவைப்பட்டது.

தமிழில் இந்தக் கேள்விக்குக் கூடுதலான ருசி இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ள 'நாம்', விலக்கிச் சொல்ல 'நாங்கள்' என நம்மிடம் இரண்டு உண்டு. ஆங்கிலத்துக்கு ஒன்றுதான். இரண்டு மொழியும் நாவில் புழங்கும் புலம்பெயர் தமிழர் விளையாட்டைப் பேசும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் திட்டம். தொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் ஆறு நண்பர்கள் இசைந்தார்கள். அனைவரும் யாழ்ப்பாணத்துப் பின்னணியினர். ஒருவர் வீட்டு 'பேஸ்மென்'றில் வாரந்தோறும் கூடி ஆட்டம் பார்ப்பார்கள்; மேசையில் ஒரு கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கும்; கோப்பு எனக்கு வந்து சேரும். இவர்கள் பேச்சில் கேட்பவரைச் சேர்த்தாலும் விலக்கினாலும் 'நாங்கள்'தான் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. எனவே ஒவ்வொரு 'நாங்கள்' வரும்போதும் அதற்குள் யார் என்பதைச் சூழலைக் கொண்டே முடிவு செய்யவேண்டியிருந்தது. அதனால்தான் அவர்களுடைய பேச்சைத் தேவைக்கு அதிகமாகவே உற்றுக் கேட்டேன்.

அந்த ஆறு பேரும் கோடையில் தொராண்டோ புளூ ஜேஸ் அணியின் பேஸ்பால் ரசிகர்கள். செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயக்காரர்களும் ஆவார்கள். பந்தயம் என்றால் மிகச் சிறியது. ஆளுக்குப் பத்து டாலர். அந்த வார ஆட்டங்கள் அனைத்துக்கும் அணியைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதவேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு அறுபது டாலர். வென்றவர் அன்றைய கொத்துரொட்டிக்குப் பணம் கொடுப்பது எழுதாத விதி. ஆகவே அந்தப் பணம் யாரிடமும் அதிக நேரம் தங்கியதில்லை.

அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தின் இயக்கத்தைச் சற்று விளக்கவேண்டும், ஏனெனில் என் கதையின் இலக்கணம் அதில் இருக்கிறது. எந்த அணி வெல்லும் என்பதை ஊகிப்பது பல வாரங்களில் எளிது. அதனால் பந்தயத்தில் புள்ளி இடைவெளி வைக்கிறார்கள். அவர்கள் மொழியில் 'ஸ்பிரெட்'. வலிய அணிக்கு ஆறரைப் புள்ளி என்று குறித்திருந்தால், அது ஏழு புள்ளிக்குக் குறையாமல் வென்றால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம். மூன்று புள்ளியில் வென்றால் அணி வென்றது, கட்டியவர் தோற்றார். வெற்றியும் தோல்வியும் ஒரே ஆட்டத்தில், ஒரே அணியின்மேல், இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. அதோடு நிறுவனங்களிடம் வழக்கமாக 110 டாலர் கட்டினால்தான் 100 டாலர் கிடைக்கும். அந்த விலையில் நட்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52-க்கு மேல் சரியாகச் சொல்லவேண்டும். நான்கு தேர்வுகளை ஒன்றாகக் கட்டி நான்கும் பலித்தால்தான் பணம் என்னும் 'பார்லே' இன்னும் கடினம். ஒவ்வொன்றும் நாணயம் சுண்டுவது போன்றதென்றால் பதினாறில் ஒரு முறையே பலிக்கும். கைக்கு வருவதோ கட்டியதைச் சேர்த்து ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு. இடையிலுள்ள அந்த மூன்று மடங்கு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் பார்லே கட்டுவதில்லை.

2021 ஆகஸ்ட் வரை கனடாவில் ஒற்றை ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டுவதே சட்டத்துக்குப் புறம்பு. பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் அரசு லாட்டரிச் சீட்டு மட்டும் இருந்தது. சட்டம் மாறியது. 2022 ஏப்ரலில் ஒன்டாரியோ மாகாணம் தனியார் இணையப் பந்தய நிறுவனங்களுக்குச் சந்தையைத் திறந்தது. பேஸ்மென்ட் மேசையில் தாள் இருந்தது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருந்தது.

பேச்சைப் படியெடுக்கும்போது ஒரு வினைச்சொல் வேறுபாட்டைக் குறித்துவைத்தேன். அணியைப் பற்றிச் சொல்லும்போது 'தோத்திட்டம்'. பணத்தைப் பற்றிச் சொல்லும்போது 'விட்டிட்டன்'. எங்கள் தென்காசிப் பக்கத்திலும் அப்படித்தான்: ஆட்டத்தில் தோற்போம், காசை விடுவோம். தோற்றது நமக்கு நேர்ந்தது. விட்டது நாம் செய்தது. முதல் வினை பெரும்பாலும் பன்மையில் வருகிறது. இரண்டாவது, ஆறு பேர் ஒரே அணியின்மேல் கட்டியிருந்தாலும், ஒருமையில்தான் வருகிறது. 'நாங்கள் விட்டிட்டம்' என்று அந்தப் பதிவுகளில் ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை, நவம்பர் நடுப்பகுதி வரை.

ஆறு பேரில் மூத்தவர் ஒருவர். அவரை அண்ணா என்றே அழைப்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்று அழைத்தாலும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார். செப்டம்பரின் முதல் வாரங்களில் அவர் பேச்சு பன்மையாலேயே நிறைந்திருந்தது. நான்காம் வாரத்திலிருந்து அது குறைந்தது. ஒருமை கூடியது, அணிகளின் பெயருக்கு மாற்றாக எண்கள் வந்தன: 'ஆறரை', 'மூண்டு', 'கொக்கி அரை'. பேஸ்பால் பேசும்போதுகூடத் தம் அணியை 'அவங்கள்' என்றார். ஏழாம் வாரத்தில் அவர் வாயில் 'நாங்கள்' கிட்டத்தட்ட இல்லை.

ஓர் ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? படர்க்கைக்கு நகர்தல் என்று ஓரக்குறிப்பு எழுதினேன். வாரவாரியாக எண்ணி ஒரு வரைபடம் வரைந்தேன். அக்டோபரில் துறையின் ஆய்வு முன்னேற்றக் கருத்தரங்கில் அதைத் திரையில் காட்டினேன். பங்கேற்பாளர் நான்கு என்ற பெயரில், இடமிருந்து வலமாகச் சரியும் நீலக் கோடு. நெறியாளர் பாராட்டினார். 'அழகான தரவு' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தேநீர் இடைவேளையில் இரண்டு பேர் கைகுலுக்கினார்கள்.

அந்தக் கோடு எதைக் குறித்தது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. 2022 கோடையில், ஆய்வில் சேர்ந்த முதலாண்டு, உதவித்தொகை மூன்று மாதம் தாமதமாகி மொத்தமாக வந்த வாரத்தில், கிரிக்கெட் அணி அமைத்துப் பணம் கட்டும் செயலி ஒன்றில் விளையாடத் தொடங்கினேன். 'விளையாடினேன்' என்றுதான் சொல்வோம்; சூதாடினேன் என்று யாரும் தம்மைச் சொல்வதில்லை. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் போயிற்று. அம்மாவிடம் பணம் இன்னும் வரவில்லை என்றேன். அதற்கு முந்தைய மூன்று மாதமும் அதையே உண்மையாகச் சொல்லியிருந்ததால் குரலில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த நாட்களில் விடுதித் தொலைக்காட்சி முன் எல்லோரும் சென்னைக்காகக் கத்தும்போது, என் கண் பதினொருவரில் நான் தேர்ந்தெடுத்தவர் ஓட்டம் எடுக்கிறாரா என்பதில் இருந்தது. அவர் எதிரணியில் இருப்பார். சென்னை ஜெயித்தது என்று அறை அதிரும். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தபோது செய்தியை இரண்டு முறை படித்தேன். என்னிடமிருந்து அந்தச் செயலியை நீக்கியது சட்டமன்று. கையில் பணம் தீர்ந்ததுதான்.

ஆகவே அண்ணாவின் பேச்சு எனக்கு என் பேச்சாகவே கேட்டது. கேட்டும் வரைபடம் வரைந்தேன்.

இனி அந்த இறுதி ஆட்டம். நவம்பர் 1, சனிக்கிழமை இரவு தொராண்டோவில். ஐதராபாத்தில் ஞாயிறு காலை ஐந்தரை. உலகத் தொடரில் புளூ ஜேஸ் 3-2 என முன்னிலையில் இருந்து ஆறாவது ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸிடம் இழந்திருந்தது. ஏழாவது ஆட்டத்தில் எல்லாம் முடிவாகும். 1993-க்குப் பிறகு தொராண்டோ பட்டம் வென்றதில்லை; ஆறு பேரில் நால்வர் அப்போது பிறந்திருக்கவில்லை. விடுதியின் மந்தமான இணையத்தில் நான் தனியே பார்த்தேன்.

மூன்றாம் இன்னிங்ஸில் போ பிஷெட், ஷோஹேய் ஒதானியின் பந்தை மூன்று ஓட்டங்களுக்கு வெளியே அனுப்பினார். எட்டாம் இன்னிங்ஸ் முடிவில் 4-3. ஒன்பதாம் இன்னிங்ஸில் இன்னும் இரண்டு ஆட்டக்காரர்களை வெளியேற்றினால் பட்டம் என்ற நிலையில், டாட்ஜர்ஸின் கடைசி வரிசை ஆட்டக்காரர் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். அடித்து ஆடுவதைவிடத் தடுப்பதற்கே பெயர்பெற்றவர் அவர். அதே இன்னிங்ஸின் பிற்பாதியில் தொராண்டோவுக்கு மூன்று தளங்களிலும் ஆள், ஒருவரே வெளியேறியிருந்தார். வார்ஷோ அடித்த தரைப்பந்தை ரோஹாஸ் தடுமாறி எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். மூன்றாம் தளத்தை ஒட்டியே நின்றிருந்த கைனர்-ஃபலேஃபா ஓடிவந்து சறுக்கினார். பந்து ஒரு விரற்கடை முந்தியது. மறுபார்வையிலும் தீர்ப்பு மாறவில்லை. பதினோராம் இன்னிங்ஸில் வில் ஸ்மித் ஹோம் ரன் அடிக்க, 5-4. இங்கே காலை பத்து மணி ஆகிக்கொண்டிருந்தது. உணவுக்கூடத்தில் இட்லி தீர்ந்துவிட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த இரவின் பதிவு வந்தது. முடிந்த கணத்தில் நீண்ட அமைதி. பிறகு ஒருவர், 'தோத்திட்டமடா' என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் அந்தத் தோல்வியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஏன் தளத்தை விட்டு நான்கு அடி முன்னால் நிற்கவில்லை, ஒன்பதாம் இன்னிங்ஸில் ஏன் அந்தப் பந்து வீசினார்கள், நாங்கள் அப்போதே முடித்திருக்கவேண்டும். அவர்கள் சொன்ன 'நாங்கள்' எல்லாவற்றையும் எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். சியால்டினியின் மாணவர்கள் தோல்வியில் விலகிக்கொண்டார்கள். பேஸ்மென்டில் இருந்தவர்கள் அன்று தோல்விக்குள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருவர் அழுதார், மற்றொருவர் அவரைக் கேலி செய்துகொண்டே அழுதார்.

அண்ணா அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: 'அவங்கள் தோப்பாங்கள் எண்டு எனக்குத் தெரியும்.'

அன்றிரவே அவரை அழைத்தேன். ஆய்வுக்காக அழைக்கவில்லை என்று முதலிலேயே சொன்னேன். 2022-இல் எனக்கு நடந்ததை, அதுவரை நண்பர் எவரிடமும் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: 'அண்டைக்கு வெண்டது நான் ஒருத்தன்தான் தம்பி.'

செப்டம்பரிலிருந்து கால்பந்தில் விட்டது பதினோராயிரம் டாலருக்கு மேல். சீட்டு எடுத்த காசு அது; மனிசிக்குத் தெரியாது. அதை மீட்க, ஏழாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸின்மேல் கட்டியிருக்கிறார். தம் அணிக்கு எதிராகக் கட்டுவதைப் பந்தயக்காரர்கள் காப்பீடு போலப் பேசுவார்கள்: அணி வென்றால் மகிழ்ச்சி, தோற்றால் பணம், எப்படியும் வெறுங்கை இல்லை. ரோஹாஸ் அடித்தபோது அறையில் எல்லோரும் தலையில் கைவைத்தார்கள். 'எனக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம் வந்தது. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு' என்றார்.

அன்றிரவு கனடாவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளும் இரவு. எல்லோரும் போன பிறகு, இரண்டு மணி மறுபடியும் ஒரு மணியான அந்த உபரி நேரத்தில், வாகனத்தில் உட்கார்ந்தபடியே வென்ற பணம் முழுவதையும் மறுநாள் கால்பந்து ஆட்டங்களின்மேல் கட்டியிருக்கிறார். ஞாயிறு மாலைக்குள் அதுவும் போயிற்று. அந்த ஞாயிறு பேஸ்மென்டில் வழக்கமான பத்து டாலர் தாளையும் நிரப்பியிருக்கிறார். அதில் அவருக்குத்தான் முதலிடம். கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தாராம்.

நான் அவருக்கு வரைபடத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். 'அப்ப உங்களுக்கு ஐப்பசியிலையே தெரியும்' என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எதுவும் இல்லாத குரலில் சொன்னார். ஆய்வறச் சான்றிதழில் பங்கேற்பாளருக்குத் தீங்கு நேராது என்று கையொப்பமிட்டிருந்தேன். பெயரை மறைப்பது, கோப்புக்குக் கடவுச்சொல் இடுவது, எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் அது தீங்காகுமா என்று அந்தப் படிவத்தில் ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தால் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் அவர் தம் மச்சானிடம் சொன்னார். ஆறு பேரில் அவரும் ஒருவர். ஒன்டாரியோவில் பந்தயத் தளங்களிலிருந்து தம்மைத் தாமே விலக்கிவைக்கும்படி பதிவு செய்துகொள்ள ஏற்பாடு உண்டு, அதைச் செய்தார்கள். மனைவியிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது. அந்த வீட்டில் என்ன பேசப்பட்டது என்பது எனக்குத் தெரியவேண்டியதன்று.

பதினோராம் வாரப் பதிவு வந்தபோது திறக்கத் தயங்கினேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, தொலைக்காட்சியில் விளம்பரம் வந்ததும் ஒலி குறைந்தது. மச்சானின் குரல் கேட்டது: 'சரி, இப்ப நாங்கள் மொத்தம் எவ்வளவு விட்டிருக்கிறம்?' பேனா திறக்கும் ஒலி. ஒருவர் எண் சொன்னார். மற்றொருவர் தன்னால் மாதம் எவ்வளவு தர ஏலும் என்றார். அண்ணா, 'வேண்டாம்' என்றார். 'நீர் சும்மா இரும்' என்றார்கள்.

மொழியியலாளனாக நான் பன்னிரண்டு வாரம் காத்திருந்த வடிவம் அது. அந்தப் பதிவு உட்பட, தம் குரல் உள்ள அனைத்தையும் அண்ணா திரும்பப் பெற்றுக்கொண்டார். அது அவருடைய உரிமை. ஆய்வேட்டில் இப்போது ஐந்து பங்கேற்பாளர்கள். நீலக் கோட்டை நீக்கிய பிறகு அந்த இயல் மெலிந்துவிட்டது என்று நெறியாளர் வருந்தினார். காரணம் கேட்டார், சொன்னேன். சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு தரவு தேடலாம் என்றார்.

இந்தப் பதிவை அனுப்பியபோது, சீட்டையும் பதினோராயிரத்தையும் எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹோம் பிளேட் பகுதியைத்தான் பிழை என்றார். பந்து முந்தியது உண்மையாம்; ஆனால் ஸ்மித்தின் கால் பிளேட்டிலிருந்து ஒரு கணம் எழும்பியதாம், நான் அதை எழுதவில்லையாம். பார்த்தேன். கால் எழும்பியது, ஓட்டக்காரர் வந்து சேரும் முன் மறுபடி பதிந்துவிட்டது. அதையும் எழுதி அனுப்பினேன்.

'உங்களுக்கு என்ன தெரியும் தம்பி, அண்டைக்கு நாங்கள் வெண்டது' என்று பதில் வந்தது.